காலி நிலம் என்று எழுதிய காகிதம்

ஜூலை 21, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காற்றே இல்லை. மாடியில் காயப்போட்ட வேட்டியில் கரித்தூள். மறுபடி அலசல்.

நடந்த அநியாயத்தை முதலில் எழுதி வைக்கிறேன். எங்கள் உப்புமேட்டுத் தெருவை அரசாங்கம் எடுக்கவில்லை. எடுத்ததாக ஒரு காகிதம் எழுதி வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் இருபத்தெட்டு வருடமாகப் பதினோரு குடும்பம் இங்கேயே சமைத்து, பிள்ளை பெற்று, செத்து, கரன்ட் பில் கட்டிக்கொண்டு இருக்கிறோம். அந்தக் காகிதத்தில் நாங்கள் இல்லை. இப்போது கன்டெய்னர் லாரி நிறுத்த இடம் வேண்டும் என்று மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்று கொருக்குப்பேட்டை, வக்கீல் ஷீலா ஆபீஸ். ரயில்வே கேட்டில் அரை மணி நேரம். கூட்ஸ் வண்டி. எண்ணினேன், நாற்பத்தொன்பது பெட்டி. ஆபீஸ் அரிசி மண்டி மாடியில். ஏறும்போது முட்டி சத்தம் போட்டது.

நாங்கள் போட்ட ரிட் மனுவுக்கு அரசுத் தரப்பு பதில் கொடுத்துவிட்டது. கூடவே ஒரு ஜெராக்ஸ் பக்கம். சுவாதீன மகஜர், அதாவது நிலத்தைக் கையில் எடுத்துக்கொண்டதாக எழுதிய பத்திரம்.

சட்டம் எனக்குப் புரிந்த வரை. (எழுதினால்தான் மண்டையில் நிற்கும்.)

1. பழைய சட்டப்படி எடுத்தார்கள். இழப்பீடு இவ்வளவு என்று ஆணை போட்டு இருபத்தெட்டு வருடம்.
2. இரண்டாயிரத்துப் பதினான்காம் வருடம் புதுச் சட்டம் அமல். அதற்கு ஐந்து வருடமோ அதற்கு மேலோ முன்பே ஆணை போட்டிருந்தும், நிலத்தையும் சுவாதீனம் எடுக்காமல், பணத்தையும் கொடுக்காமல் விட்டிருந்தால், எடுத்த நடவடிக்கை காலாவதி.
3. இரண்டுமே நடந்திருக்கக் கூடாது. ஒன்று நடந்திருந்தாலும் காலாவதி கிடையாது. டெல்லி சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.
4. பணம் யாருக்கும் கொடுக்கவில்லை. வாங்கிக்கொள்ளக் கூப்பிடவும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அதை அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிவிட்டேன்.
5. பாக்கி, சுவாதீனம்.

"நாங்க அங்கியேதான கீறோம் வக்கீலம்மா. அதுக்கு மேல இன்னா வேணும்?"

"இருக்கிறது மட்டும் போதாதுங்கய்யா. அதிகாரி நேர்ல வந்து, சாட்சி வெச்சு, மகஜர் எழுதிட்டா நிலம் கவர்மென்ட்டுக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் உள்ள இருக்கிறவங்க அத்துமீறி இருக்கிறவங்க."

என் வீட்டில் நான் அத்துமீறி. பஸ்ஸில் வரும்போது இதே யோசனை. சைக்கிளை எடுத்தால் சாவி கைக்கு வரும். கடையை எடுத்தால் பூட்டு மாறும். மண்ணை எப்படி எடுப்பார்கள்? எடுத்த மறுநாள் அதில் என்ன மாறியிருக்கும்? உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது. மகள் தேவியிடம் சொல்ல வேண்டும்.


ஜூலை 22, செவ்வாய்

மகஜர் நாலு தடவை படித்தாயிற்று. பூதக்கண்ணாடி வைத்து ஒரு தடவை. ஜெராக்ஸ் மோசம், அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது. விஷயம் இவ்வளவுதான்: இருபத்தெட்டு வருடம் முன்னால் மார்ச் 12 காலை பத்தரை மணிக்கு அதிகாரி வந்தார். ஒன்பது ஏக்கர் சொச்சத்தை நாலு பக்கமும் சங்கிலி பிடித்து அளந்தார். "மேற்படி நிலம் காலி நிலமாக உள்ளது. கட்டடம், மரம், பயிர் ஏதுமில்லை. ஆட்சேபணை செய்வார் எவருமில்லை." பத்து நாற்பதுக்குச் சுவாதீனம் எடுத்து முடித்துவிட்டார்.

அந்த மார்ச்சில் மேற்படி காலி நிலத்தில் இருந்தவை:

வீடு பதினொன்று. அதில் ஓடு ஏழு, தளம் மூன்று, ஒன்று பாதி கட்டி நின்றது (என்னுடையது).
கைப்பம்பு ஒன்று.
நாகாத்தம்மன் கோயில், வேப்பமரம் சகிதம்.
முருங்கை, என் கணக்கில் நாலு.
கரன்ட் கம்பம் ஆறு. அதுவும் அரசாங்கம் நட்டதுதான்.
குப்பம்மாவின் ஆடுகள். அவை ஆட்சேபணை செய்திருக்கும்.

அடியில் சாட்சி இரண்டு பேர். முதல் சாட்சி தாலுகா ஆபீஸ் பியூன், போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டாவது கையெழுத்து ஜெராக்ஸில் பாதிதான் தெரிகிறது. மேல் கோடு மட்டும். பெயர் வெட்டுப்பட்ட இடத்தில்.

யார் என்று எனக்கு அப்போதே தெரியும். மூன்றாவது வீட்டு க. அவன் பெயரை முழுதாக எழுத மனம் வரவில்லை, இந்த நோட்டில் க. போதும். அன்றைக்கு வி.ஏ.ஓ. ஆபீஸில் கிராம உதவியாளன். ஆணை வந்த வருடம் கோயில் முன்னால் கூட்டம் போட்டு, "தெருவைக் காட்டிக் கொடுத்தவன் இவன்" என்று நான்தான் சொன்னேன். அவன் வாயே திறக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. தெருவிலும் அவன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் பாதிப் பேர்தான் போனார்கள். இப்போது கண் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். நான் போகும்போது முகத்தைத் திருப்புகிறானா, தூங்குகிறானா, தெரிவதில்லை.

ஷீலாவுக்குப் போன். தெளிவான நகல் வேண்டும் என்றேன். சனிக்கிழமை என்றார்.


ஜூலை 24, வியாழன்

ஒரு சோதனை. பத்து நிமிடத்தில் இந்த நிலத்தைச் சுற்ற முடியுமா?

காலை பத்தரைக்கே கிளம்பினேன், மகஜர் நேரம். கோயிலில் ஆரம்பித்து, வாய்க்கால் ஓரம், பழைய உப்புப் பாத்தி மேடு, எக்ஸ்பிரஸ் ரோடு ஓரம், திரும்பக் கோயில். ரோடு ஓரம் கன்டெய்னர் லாரி வரிசை. நடுவில் புகுந்து போக வேண்டியிருந்தது. லாரிக்குக் கீழே படுத்திருந்த டிரைவர் எழுந்து பார்த்தார்.

"இன்னா பெர்சு, வாச்ச பாத்துகினே நடக்கற? டாக்டரு சொன்னாரா?"

"கோர்ட்டு சொல்லிக்குது."

"கோர்ட்டுல வாக்கிங் வேற போவச் சொல்றாங்களா." பக்கத்து லாரிக்காரனிடம் சத்தமாக: "டேய், பெர்சுக்கு சைடு வுடுடா, கேசு ஓடிகினு கீது."

இருபத்திரண்டு நிமிடம். சங்கிலி பிடிக்காமல். முட்டி வலிக்கு நாலு நிமிடம் கழித்தாலும் பதினெட்டு. அப்போது எக்ஸ்பிரஸ் ரோடு இவ்வளவு அகலம் இல்லை, அதற்கு ஒரு நிமிடம் கழிக்கலாம். நான் லேத்தில் முப்பத்திரண்டு வருடம் நின்றவன். அளவு தப்பினால் எனக்குத் தூக்கம் வராது.

முடிவு: யாரும் சுற்றவில்லை. யாரும் வரவேயில்லை. ஆபீஸில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சாயங்காலம் தேவி சங்கரா மீன் வாங்கி வந்தாள். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல். நன்றாகவே இருந்தது.


ஜூலை 26, சனி

வானம் மூடாக்கு. மழை வரவில்லை.

தெளிவான நகல் வாங்கி வந்தேன். இரண்டாவது சாட்சி: கு. ஏழுமலை, உப்புமேடு, கதவு எண் 7.

என் பெயர். என் கையெழுத்து.


ஜூலை 27, ஞாயிறு

நேற்று மேலே எழுத முடியவில்லை.

ஷீலா நேற்று கேட்டது: "நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா. உங்க கையெழுத்துதானா? அவசரம் இல்ல. இப்பவே சொல்லணும்னு இல்ல." அந்த நிதானம் எதற்கு என்று எனக்குத் தெரியும். மனுவில் முதல் மனுதாரர் நான். "எங்களில் எவரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடவில்லை" என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த வரி என் வாயால் வந்தது. அவர் எழுதிய வரி இல்லை.

"என்னுதுதான்மா" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

தேவியிடம் இன்று காலையில் சொன்னேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேல் பேசினாள்.

"இல்லன்னு சொல்லிட்டு போ நைனா. எவன் வந்து பாக்கப்போறான்?"

"நான் பாத்துட்டேனே."

"ஆமா, நீ பெரிய தாசில்தாரு. வூடு போனா நா எங்க போறது? எண்பது வயசுல நீ சத்தியவானா இருந்து இன்னா பண்ணப்போற?"

"எயுபத்தி நாலு."

கிரைண்டரை நிறுத்தினாள். சிரிப்பு இல்லை.

எனக்கு வேறு ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு நேரம் வரும். எப்போது போட்டேன்? அந்த மார்ச் நினைவில் இல்லாமல் இல்லை. பவுண்டரியில் வலது ஆள்காட்டி விரல் நசுங்கிய வருடம் அது. அப்படியானால்?

பெட்டியை இறக்கி எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். தேவியின் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், யூனியன் சந்தா நோட்டு, அவள் அம்மாவின் மரணச் சான்றிதழ், ரேஷன் கார்டு விண்ணப்ப நகல். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. விரல் போவதற்கு முன்னால் போட்டவற்றில் கடைசி "லை" யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழன்று வரும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. விரல் போன பிறகு அந்தச் சுழி வரவில்லை. பேனாவை நடுவிரலில் தாங்கிப் பிடிப்பதால் கட்டையாக நிற்கும்.

மகஜரில் சுழி இல்லை. கட்டையாக நிற்கிறது.

பெட்டி அடியில், அப்பாவின் உப்பள டோக்கனுக்குக் கீழே, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. சேர்த்தது பிப்ரவரி 26. விட்டது மார்ச் 24. வலது கை முழுவதும் கட்டு. கட்டுப் பிரிக்க ஏப்ரலில் வரச்சொல்லி அடியில் குறிப்பு.

மார்ச் 12 காலை பத்தரைக்கு நான் உப்புமேட்டில் நின்று கையெழுத்துப் போடவில்லை. கட்டிலில் படுத்திருந்தேன். இடது கையால் இட்லி தின்றேன்.

கையெழுத்து உண்மை. தேதி பொய். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் எப்போது போட்டேன், யார் நீட்டியது? எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அந்தக் காலத்தில் தெருவில் எந்தக் காகிதத்துக்கும் சாட்சிக் கையெழுத்து நான்தான். ஞாயிற்றுக்கிழமை பாய் டீக்கடையில் பேனாவோடு உட்கார்ந்தால் கல்யாணப் பதிவு, ரேஷன், காஸ், பென்ஷன் எல்லாம் வரும். எட்டாவதோடு நின்றவன் நான். மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. எதையும் படிக்காமல் போடமாட்டேன் என்று தெருவுக்கே தெரியும். அதனால்தான் என்னிடம் வருவார்கள்.


ஜூலை 29, செவ்வாய்

ஷீலாவிடம் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். எழுந்து ஜன்னலைச் சாத்தினார், கீழே மூட்டை இறக்கும் சத்தம்.

"இது பெரிய விஷயம்ங்கய்யா. இடத்துல மகஜர் எழுதலன்னு இது காட்டுது. ஆனா ரெண்டு சிக்கல்."

சிக்கல் ஒன்று: நான் ஏற்கெனவே கொடுத்த சத்தியத்தைத் திருத்த வேண்டும். தப்பு என் மேல் என்று நானே எழுத வேண்டும். நீதிபதி சுளிக்கலாம். இத்தனை வருடம் கழித்து இப்போது என்ன என்றும் கேட்கலாம். இந்த மாதிரித் தகராறை சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள் என்றுகூடத் தள்ளலாம்.

சிக்கல் இரண்டு: பிறகு எப்படி என் கையெழுத்து அதில் வந்தது? அதைச் சொல்ல ஆள் வேண்டும். "கையெழுத்து வாங்கினவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

இருக்கிறான். நாலு வீடு தள்ளி. தெருவில் அந்த ஆபீஸ் காகிதம் கொண்டுவரக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான்.

"அவன்கூட நா பேசறதில்ல."

"பேசிப் பாருங்க. அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள்ள பதில் மனு போட்டாகணும்."

திரும்பும்போது கேட்டில் மறுபடி கூட்ஸ். எண்ணவில்லை.


ஜூலை 30, புதன்

காற்று கடலிலிருந்து. புகை நாற்றம் இல்லை, நல்ல நாள்.

மூன்று தடவை அவன் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். நாலாவது தடவை அவனே குரல் கொடுத்தான்.

"யாரு அது, ரோந்து வர்றது?"

"நான்தான்."

"நான்தான்னா?" என் குரல் அவனுக்குத் தெரியும். வேண்டுமென்றே.

"ஏழுமலை."

"தோ பார்றா. வய்யி தெரிஞ்சி வந்தியா, இல்ல வூடு மாறிட்டியா?"

"ஒரு காயிதம் பத்திக் கேக்கணும்."

"இருவத்தெட்டு வருசம் கயிச்சி காயிதம் பத்தி. ஒக்காரு. டீ சாப்புட்றியா? இல்ல அதுக்கும் கேசு போடுவியா?"

உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் ஆடியது. மகஜரை வெளியே எடுத்தேன். கறுப்புக் கண்ணாடியைக் காட்டி, "எனுக்கு எயுத்து தெரியாது இப்ப, நீயே படி" என்றான். படித்தேன். காலி நிலம், மரம் இல்லை, பயிர் இல்லை. "ஆட்சேபணை செய்வார் எவருமில்லை" என்ற இடத்தில் லேசாகச் சிரித்தான். முதல் சாட்சி படித்தேன். நிறுத்தினேன்.

"அங்க நிறுத்திட்ட பாத்தியா. படி."

படித்தேன். கு. ஏழுமலை.

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"இன்னா கேள்வி இது. நாதான வாங்கினு போனேன்."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது.

"ஒன் கட்டு அவுத்து ரெண்டு நாளோ மூணு நாளோ. பாய் கடையில கைய தூக்கித் தூக்கி எல்லாருக்கும் காட்டிகினு இருந்த. பாரு, பேனா புடிக்கிறேன், பாருன்னு. கெய்வீங்க பென்சன் பாரம் ஒரு கட்டு கொண்டாந்திருந்தேன், சாட்சி கையெயுத்துக்கு. அது அடியில இது. நீட்டினது எல்லாத்துக்கும் போட்ட. ஒண்ணு போட்டதும் தூரமா புடிச்சிப் பாப்ப, அப்பறம் அடுத்தது."

நினைவு வந்துவிட்டது. காகிதம் நினைவில்லை. கை நினைவிருக்கிறது. ஒவ்வொரு கையெழுத்திலும் சுழி வருமா என்று பார்த்தேன். வரவில்லை, அடுத்ததில் வரும் என்று போட்டேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எதையும் படிக்கவில்லை. என் பெயரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சேதான் வெச்சியா?"

உள்ளே குக்கர் சத்தம்.

"தெரிஞ்சேதான். ஆபீசரு சொன்னாரு, மார்ச்சுக்குள்ள முடிச்சதா தேதி போட்டாச்சி, ரெண்டாவது சாட்சி காலியா கீது, தெருவுல ஒரு ஆளு கையெயுத்து வாங்கினு வான்னு. ஒங்க தெருவ எடுக்க மாட்டாங்க, சும்மா கணக்குக்குன்னாரு. எவ்ளோ பேருகிட்ட வாங்க முடியும்? ஒன்ன வுட்டா அந்தத் தெருவுல யாரு எயுதுவா? நீ படிச்சிட்டுக் கிய்ச்சிப் போட்ருவன்னுதான் நெனச்சேன். கடல மடிச்ச காயிதத்தக்கூட படிக்கிற ஆளு நீ."

"ஒன் வூடும் அதுலதான கீது."

"ஆமா. அதான் சொல்றேன், நம்பிட்டேன்."

"கோயிலாண்ட கூட்டத்துல நா ஒன்னக் காட்டிக்குடுத்தவன்னு சொன்னப்போ? அப்ப சொல்லியிருக்கலாமே, கையெயுத்து ஏயுமலதுன்னு."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம். ஒருத்தன் மாட்டினது போதும்னு வுட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தான். "பெரிய தர்மம்னு நெனச்சிக்காத. எனுக்கு வேல முக்கியம். நீ மோப்பம் புடிச்சா ஆபீசு வரைக்கும் வருவ. பேசாம இருந்தா நீ என்னாண்டயே நின்னுடுவ. நின்ன."

இருபத்தெட்டு வருடம். அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போகக் கூடாது என்று மற்றவர்களிடமும் சொன்னேன். அந்தப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை. எடுத்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டேன்.

"பென்சன்ல கை வெச்சா?"

"தெரியாது. வக்கீலம்மாவக் கேட்டுச் சொல்றேன். சும்மா சமாதானத்துக்குச் சொல்ல மாட்டேன்."

"அது தெரியும். சமாதானம் ஒனக்கு எங்க வரும்."

எழுந்தபோது, "அந்த நாற்காலில ஆட்டம் கீது, பாத்து" என்றான். நான் விழாமல் எழுந்தேன்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

லேசான தூறல். மாடித் துணி நனைந்தது.

ஷீலா சொன்னது: க. ரிடையர் ஆகி இத்தனை வருடத்துக்குப் பிறகு பென்ஷனைத் தொடுவது கஷ்டம், ஆனால் உறுதி கொடுக்க முடியாது. நான் நேற்று போய் அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அவன் "ஹூம்" என்றான். நான் கெஞ்சவில்லை.

அவன் எழுதிக் கொடுக்காவிட்டாலும் நான் கொடுப்பேன். ஷீலாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பிரமாணப் பத்திரமும் டைப் ஆகிறது. என்னுடையது ஆறு பக்கம். அவனுடையது இரண்டு, போடுகிறானோ இல்லையோ.

ஒன்றை யோசித்துப் பார்த்தேன். மண்ணை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேனே. இப்போது தெரிந்துவிட்டது. யாரும் மண்ணைத் தொட வேண்டியதில்லை. ஒருவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் போதும்.

தேவி மாலை ஆறு மணிக்கு வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்: "கன்னியப்பன் மாமா வாசல்ல நிறுத்திட்டாரு."

"இன்னா சொன்னான்?"

"ஒங்க நைனாகிட்ட சொல்லு, நாளிக்கு காயிதத்த எடுத்துகினு வர சொல்லு. முய்சா படிச்சிக் காட்டணும், ஒரு வரி வுடக்கூடாது, அப்பறம் போட்றேன்னாரு." பிறகு, "என்னிய பாத்து சிரிச்சாரு நைனா. எனுக்கு வெவரம் தெரிஞ்சி அவரு என்னாண்ட பேசினதே இல்ல."

அவன் பேசாமல் இல்லை. நான் பேசவிடவில்லை. தேவியிடம் இதைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நாளான்னிக்கு கூழு ஊத்துறாங்க, எல்லாரும் கோயிலாண்ட இருப்பாங்க. அங்க எதுவும் பேசாத. சாமி காரியம்" என்றாள்.

அங்கேதான் அவனைப் பேசினேன். அங்கேதான் சொல்ல வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி, வெள்ள சட்டையாவது போடு. கரி ஒட்டினத போட்டுகினு போவாத" என்றாள்.


ஆகஸ்ட் 2, சனி

மழை விட்டுவிட்டது. ஷீலா ஆபீஸிலிருந்து இரண்டு பத்திரமும் வந்துவிட்டன. என்னுடையதைப் படித்தாயிற்று, இரண்டு தடவை. மூன்றாம் பக்கத்தில் "கவனக்குறைவால்" என்று இருந்தது. அடித்துவிட்டு "படிக்காமல்" என்று எழுதியிருக்கிறேன். ஷீலா ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி ஆக வேண்டியவை:

டிஸ்சார்ஜ் சீட்டு அசலைக் கோர்ட்டில் சேர்ப்பது, நகலை வைத்துக்கொள்வது: ஷீலா.

பழைய கையெழுத்துகள், விரல் போவதற்கு முன் நாலு, பின் நாலு, தேதி வரிசையில் ஒட்டுவது: நான். பசை வாங்குவது: தேவி.

மற்ற மனுதாரர் எல்லாரிடமும் திருத்தின பத்திரத்தைக் காட்டி, விலகுகிறவர்கள் விலகலாம் என்று சொல்வது: நான். ஷீலா கூட வருவதாகச் சொன்னார், வேண்டாம்.

மார்ச் 12 அன்று அந்த அதிகாரி எந்த வண்டியில், எங்கே போனார் என்ற பதிவேட்டைக் கேட்டு மனு: நான், திங்கள்கிழமை. பதில் சொல்ல வேண்டியது: அவர்கள்.

மஞ்சள் கல்லை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்வது: தெருவில் எல்லாரும். கோபம் வந்தாலும்.

ஞாயிறு, கூழ் ஊற்றி முடிந்ததும், வேப்பமரத்தடியில் நின்று, இரண்டாவது சாட்சி யார் என்று சொல்வது: நான். உட்கார்ந்துகொண்டு இல்லை.

கல்யாணத்துக்குப் போகாதே என்று நான் சொன்ன வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போவது: நான். ஐந்து வீடு. அதில் இரண்டில் இப்போது ஆள் இல்லை.

கன்னியப்பன் வீட்டு நாற்காலிக் காலுக்குக் கட்டை வைத்து இறுக்குவது: நான். சுத்தியல் எடுத்துப் போக வேண்டும்.

கன்னியப்பன் கையெழுத்துப் போடும் முன் அவன் பத்திரத்தை அவனுக்குப் படித்துக் காட்டுவது, இரண்டு பக்கமும், ஒரு வரி விடாமல், சத்தமாக: நான்.